மேலோகமும் மேல்நாடும்

கூடுவாஞ்சேரியில் ரயிலை விட்டிறங்கி ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு வந்து நாலு பக்கமும் பார்க்கின்ற எவருடைய கண்ணிலும் முதன்முதலாகப் படுபவை விளம்பரப் பலகைகளேயாகும். ஒரு பலகை மனை விற்கின்றது. ஒரு பலகை நகை விற்கின்றது. மற்றொரு பலகை, கழுத்தில் டை கட்டிய இரண்டு குழந்தைகளின் படத்தைப் போட்டு, பின்னால் ஒரு பூகோள உருண்டையையும் ஒரு ஆகாய விமானத்தையும் எழுதி, “இன்டர்நேஷனல் ஸ்கூல்” என்று பெயரும் வைத்து, உங்கள் பிள்ளையை உலகப் பிரஜையாக்குகின்றோம் என்று முழங்குகின்றது. வண்டலூர் முதல் மறைமலைநகர் வரையில் இப்படிப்பட்ட பலகைகளுக்குக் குறைவில்லை. நெல் விளைந்த பூமியில் மனைக்கல் முளைத்தது. மனைக்கல் முளைத்த இடத்தில் இப்போது உலகப் பிரஜைகள் முளைக்கின்றார்கள்.

இதில் உங்களுக்கு என்ன வயிற்றெரிச்சல் என்று சிலர் கேட்கலாம். நமக்கு ஒரு வயிற்றெரிச்சலும் கிடையாது. நம் மக்கள் பிள்ளைகள் படிப்பதையும், அதிலும் இங்கிலீஷ் படிப்பதையும், படித்துக் கடல் கடந்து போவதையும் கண்டு வயிறெரிகின்றவர்கள் வேறு கூட்டத்தார். நாம் எழுத வந்தது, அந்தப் பலகையை நம்பித் தன் வீட்டு மனையை விற்கப் புறப்பட்ட ஒரு தோழரைப் பற்றியேயாகும்.

அத்தோழர் டைல்ஸ் ஒட்டும் வேலை செய்கின்றவர். எட்டாவது வரை படித்தவர். அவருடைய மனைவி ஒரு கம்பெனியில் பாக்கிங் வேலைக்குப் போகின்றார். ஒரே பெண் குழந்தை, நாலு வயது. ஊருக்கு மேற்கே மூன்று சென்ட் மனை ஒன்று உண்டு. சென்ற மாதம் ஒரு நாள் காலையில் அந்த மனையின் கிரய ஒப்பந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு, படித்துச் சொல்லும்படி நம்மிடம் வந்தார்.

“எதுக்குத் தம்பி இப்ப விக்கிறீங்க?” என்று கேட்டோம்.

“பாப்பா கல்யாணத்துக்குன்னு வாங்கிப் போட்டதுண்ணே. கல்யாணம் பின்னால பாத்துக்கலாம், மொதல்ல படிப்பு. இன்டர்நேஷனல்ல போட்டுட்டா நேரா பாரின் போயிடலாம்னு சொல்றாங்க.”

“யார் சொல்றாங்க?”

“அந்த ஸ்கூல்லயேதாண்ணே சொல்றாங்க.”

பெண்ணின் கல்யாணத்திற்கு வாங்கிய சொத்தைப் பெண்ணின் படிப்புக்கு விற்கலாமென்று ஒரு தொழிலாளித் தோழருக்குத் தோன்றியதைக் கேட்டு நாம் முதலில் சந்தோஷமே அடைந்தோம். இந்த எண்ணம் நம் நாட்டில் தானாக முளைத்ததல்ல. எத்தனையோ கல்லடிக்கும் சாணியடிக்கும் பிறகு வந்த எண்ணமாகும். ஆனால் அடுத்தபடியாக நாம் கணக்குப் போட்டுப் பார்த்தோம். வருஷத்திற்கு ஒன்றே முக்கால் லட்ச ரூபாய் கேட்கின்றார்களாம். எல்.கே.ஜி. முதல் பன்னிரண்டாவது வரை 14 வருஷம். சம்பளத்தை ஒரு காசுகூட உயர்த்தமாட்டார்கள் என்று வைத்துக்கொண்டாலும் 24 லட்சத்து 50 ஆயிரம் ரூபாயாகின்றது. உடுப்பு, புத்தகம், வண்டிச் சத்தம் எல்லாம் வேறு. மனையை விற்று வருகின்ற பணம் இதில் பாதிக்குக்கூடக் காணாது. அதாவது, மேல்நாட்டுக்குப் போகின்ற குழந்தை ஆறாவது வகுப்புக்கு வருமுன்பே மனையும் போய்விடும், பணமும் தீர்ந்துவிடும். இதை நாம் சொன்னவுடன் அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “எப்படியாவது சமாளிச்சிடலாம்ணே” என்றார்.

“எப்படியாவது” என்கின்ற இந்த வார்த்தையை நாம் வேறிடத்திலும் கேட்டிருக்கின்றோம். திவசத்திற்குக் கடன் வாங்குகின்றவன் சொல்லுகின்ற வார்த்தையும் இதுவே. பரிகாரத்திற்குத் தாலியை அடகு வைக்கின்றவள் சொல்லுகின்ற வார்த்தையும் இதுவே.

நிற்க, அந்தப் பள்ளிக்கூடத்தில் நடந்த சங்கதியையும் அவர் சொன்னார். குழந்தையைச் சேர்க்கப் போன அன்று, குழந்தையை விட்டுவிட்டுத் தாய் தகப்பனைத்தான் உட்கார வைத்துப் பரீட்சை செய்திருக்கின்றார்கள். அதுவும் இங்கிலீஷில். தகப்பன் எஸ், நோ என்று ஏதோ சொல்லித் தப்பித்துக்கொண்டார். தாய் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். “வீட்டில் இங்கிலீஷ் பேசாவிட்டால் குழந்தை பின்தங்கிவிடும், ஆகையால் யோசித்துத்தான் சொல்ல வேண்டும்” என்று ஓர் அம்மாள் சொன்னாராம். மறுநாள் டெலிபோனில், கட்டட நிதிக்கு ஒரு தொகை முன்னதாகக் கட்டினால் யோசிக்காமலே சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார்களாம். ஆகவே தாயாருக்கு இங்கிலீஷ் தெரியாத தோஷத்திற்கும் ஒரு பரிகாரம் உண்டென்பதும், அதற்கும் ஒரு தட்சணை உண்டென்பதும் விளங்குகின்றதல்லவா? அந்தத் தாய் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று நம் தோழர் சொன்னபோது, கோயில் வாசலில் நிறுத்தப்பட்ட நமது பாட்டனார் பாட்டிமார்களின் ஞாபகம் நமக்கு வந்தது. அன்று பிறப்பைக் கேட்டு நிறுத்தினார்கள். இன்று பாஷையைக் கேட்டு நிறுத்துகின்றார்கள். நிறுத்தப்படுகின்றவர்கள் மாத்திரம் மாறவில்லை.

இந்த இடத்தில் வாசகர்கள் ஒரு விஷயத்தை நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டும். 2009-ஆம் வருஷத்திய கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு, பிள்ளையைச் சேர்க்கும்போது பிள்ளையையோ பெற்றோரையோ பரீட்சை செய்து பொறுக்கி எடுக்கக் கூடாது என்று சொல்லுகின்றது. மீறினால் முதல் தடவைக்கு 25,000 ரூபாய் வரையிலும், அதற்குமேல் ஒவ்வொரு தடவைக்கும் 50,000 ரூபாய் வரையிலும் அபராதம். நன்கொடை என்று வாங்கினால், வாங்கிய தொகையைப்போல் பத்து மடங்கு வரையில் அபராதம். அதே சட்டத்தின் 12-ஆவது பிரிவு, தனியார் பள்ளிக்கூடங்கள் நுழைவு வகுப்பில் நூற்றுக்கு 25 இடங்களை ஏழைப் பிள்ளைகளுக்கும் ஒடுக்கப்பட்ட வகுப்புப் பிள்ளைகளுக்கும் சம்பளமின்றிக் கொடுக்க வேண்டுமென்கின்றது. சிறுபான்மையோர் பள்ளிக்கூடங்களுக்கு மாத்திரம் விலக்கு உண்டு. எத்தனை பள்ளிக்கூட வாசல்களில் இந்தச் சட்டம் பலகையாகத் தொங்குகின்றது? ஆகாய விமானம் எழுத இடமிருக்கின்ற சுவரில் இதற்கு இடமில்லை. டில்லி சர்க்காரோ, தங்களுடைய கல்வித் திட்டத்திற்கு இந்த ராஜ்ஜியம் தலையாட்டவில்லை என்று சொல்லிப் பள்ளிக்கூடங்களுக்கு வரவேண்டிய பணத்தை நிறுத்தி வைத்ததால், 2025-ஆம் வருஷத்தில் வேனில் காலத்தில் நடந்திருக்க வேண்டிய இந்த 25 பங்குச் சேர்க்கை அக்டோபர் வரையில் தள்ளிப்போயிற்று. பெரிய இடத்துச் சண்டையில் மிதிபட்டது நாலு வயதுக் குழந்தைகளின் படிப்பு.

இனி அந்தப் பள்ளிக்கூடத்துச் சுவரை விட்டு உள்ளே போய்ப் பார்ப்போம். நம் தோழருக்கு அவர்கள் கொடுத்த அச்சுப் புத்தகத்தில் ஒரு பக்கம் நியூட்டன் படமும், அடுத்த பக்கம் விஜயதசமியன்று நடத்திய வித்யாரம்பப் படமும் இருக்கின்றன. புரோகிதர் நடுவில் உட்கார்ந்திருக்க, குழந்தைகள் வரிசையாகத் தட்டில் அரிசியைப் பரப்பி எழுதுகின்றன. செவ்வாய்க்கிழமை நல்ல நாளல்ல என்பதால் அன்றைக்குச் சேர்க்கை கிடையாதாம். சந்திரனுக்கு ராக்கெட் விடுவது எப்படி என்று சொல்லிக்கொடுக்கின்ற பள்ளிக்கூடம், பிள்ளையைச் சேர்க்க ராகு காலம் பார்க்கின்றது. இதற்குச் சர்வதேசம் என்று பெயர்! எந்தத் தேசத்தில், தோழர்களே, செவ்வாய்க்கிழமை படிப்பு ஏறாது? லண்டனிலா, டோக்கியோவிலா?

இந்த இரண்டு படமும் ஒரே புத்தகத்தில் இருப்பது தற்செயல் என்று நாம் நினைக்கவில்லை. இரண்டும் ஒரே வியாபாரத்தின் இரண்டு கிளைகளாகும். மேலோகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவர் ஒருவருமில்லை. ஆனால் அங்கு போக வழி தெரியும் என்று சொன்னவர்கள் ஆயிரம் வருஷமாக நம்மிடம் தட்சணை வாங்கினார்கள். மேல்நாடு அப்படியல்ல, அது இருப்பது வாஸ்தவம். போனவர்களும் வந்தவர்களும் உண்டு. ஆனால் நாலு வயதுக் குழந்தையை இந்தக் கதவின் வழியாக விட்டால் பதினெட்டாவது வயதில் அந்தக் கதவின் வழியாக மேல்நாட்டில் இறங்கிவிடும் என்று சொல்லிப் பணம் வாங்குவது, மேலோக வியாபாரத்திற்கு எந்த விதத்தில் இளைத்தது? சரக்கைக் கண்ணில் காட்டாமலே விலையை வாங்கிக்கொள்வது இரண்டிற்கும் பொது. கிடைக்காவிட்டால் வாங்கினவன் பேரிலேயே குற்றத்தைப் போடுவதும் இரண்டிற்கும் பொது. அங்கே “உன் கர்மம்” என்பார்கள். இங்கே “உன் பிள்ளை சரியாகப் படிக்கவில்லை” என்பார்கள்.

“இன்டர்நேஷனல்” என்ற பெயருக்கு அர்த்தமுள்ள பள்ளிக்கூடங்கள் இல்லாமலில்லை. கொடைக்கானலில் 1901-இல் அமெரிக்கப் பாதிரிமார்கள் தங்கள் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளிக்கூடம் வைத்தார்கள். தென்னாட்டில் வேலை செய்கின்றவர்களின் பிள்ளைகள் படிப்புக்காகக் கப்பலேறித் தாய்நாட்டுக்குப் போக வேண்டியிருந்த கஷ்டத்தைத் தவிர்ப்பதற்காக அது ஏற்பட்டது. பிற்காலத்தில் அதுவே கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல் என்று பெயர் மாறி, 1968-இல் ஜினீவாவில் ஏற்பட்ட ஐ.பி. என்னும் சர்வதேசப் பாடத்திட்டத்தை 1976-இல் இந்தியாவிலேயே முதலாவதாக மேற்கொண்டது. சென்னையில் 1995-இல் ஏற்பட்ட அமெரிக்கன் இன்டர்நேஷனல் ஸ்கூலும் இங்கு உத்தியோகம் பார்க்க வந்த அயல்நாட்டார் பிள்ளைகளை உத்தேசித்தே தோன்றியது. பல தேசத்துப் பிள்ளைகள் ஒரே பெஞ்சில் உட்காருகின்றார்கள், ஆகவே அது சர்வதேசப் பள்ளிக்கூடம். இது நியாயம். நம் ரோட்டோரத்துப் பள்ளிக்கூடத்திலோ ஊரப்பாக்கத்துப் பிள்ளையும் பொத்தேரிப் பிள்ளையும் உட்காருகின்றார்கள். பாடத்திட்டத்தைக் கேட்டால் பெரும்பாலும் டில்லியின் சி.பி.எஸ்.இ. என்கின்றார்கள். சர்வதேசம் பலகையில் மாத்திரமிருக்கின்றது. பலகையில் எழுதுவதற்கு எந்தப் பரீட்சையும் கிடையாது.

இலங்கையில் இந்தச் சங்கதி இன்னும் பச்சையாக நடக்கின்றது. அங்கே 1960-61-இல் சர்க்கார் பள்ளிக்கூடங்களைத் தன் வசம் எடுத்துக்கொண்டு, புதிதாகச் சம்பளப் பள்ளிக்கூடங்கள் தோன்ற வழியில்லாமல் செய்தது. பிற்காலத்தில் இங்கிலீஷ் படிப்பு வேண்டுமென்ற பணக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? இன்டர்நேஷனல் ஸ்கூல் என்ற பெயரால் கம்பெனிச் சட்டத்தில் பதிவு செய்துகொண்டு நடத்தத் தொடங்கினார்கள். கடை என்று சொல்லிக் கடை நடத்துவதில் ஒருவித யோக்கியதையாவது இருக்கின்றது. நம் நாட்டிலோ பள்ளிக்கூடம் நடத்தி லாபம் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது சட்டமாகையால், எல்லாம் அறக்கட்டளை, எல்லாம் சங்கம், எல்லாம் தர்ம சிந்தனை. கோயில் சொத்துக்குத் தர்மகர்த்தா இருந்ததுபோல் படிப்புக்கும் தர்மகர்த்தாக்கள் வந்துவிட்டார்கள். தர்மத்தின் பேரால் நடக்கின்ற வியாபாரத்தில் ரசீது கேட்பவன் துரோகியாவது வழக்கந்தானே!

இஃதிப்படியிருக்க, மேல்நாட்டுப் படிப்பைப் பற்றியும் நமது அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகின்றோம். கடல் கடந்தால் ஜாதி கெட்டுப்போகும் என்று சாஸ்திரம் சொல்லிற்று. 1888-இல் காந்தியார் லண்டனுக்குப் படிக்கப் போனபோது அவரை அவருடைய ஜாதியார் தள்ளி வைத்தார்கள். 1914-இல் கணித மேதை ராமானுஜன் கேம்பிரிட்ஜுக்குப் போகவேண்டியிருந்தபோதும் இந்தச் சாஸ்திரமே முதலில் குறுக்கே நின்றது. இன்று அந்தச் சாஸ்திரக்காரர் வீட்டுப் பிள்ளைகள் கலிபோர்னியாவில் வீடு வாங்கி, அங்கேயே கோயில் கட்டிக் கும்பாபிஷேகமும் செய்கின்றார்கள். சாஸ்திரம் என்ன ஆயிற்று? லாபம் வந்தது, சாஸ்திரம் கப்பலேறிற்று. இதைக் கண்டு நம் மக்களும் போக வேண்டுமென்று ஆசைப்படுவதில் என்ன தப்பு? ஒரு தப்புமில்லை.

ஆனால் எப்படிப் போவது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்லுகின்றோம். 1913-இல் டாக்டர் அம்பேத்கர் அமெரிக்காவிலுள்ள கொலம்பியா சர்வகலாசாலைக்குப் போனார். அவர் எந்த இன்டர்நேஷனல் பள்ளிக்கூடத்தில் படித்தவர்? சிறு வயதில் வகுப்பில் தனியே சாக்கைப் போட்டு உட்கார வைக்கப்பட்டவர். பம்பாயில் எல்பின்ஸ்டன் என்ற சர்க்கார் உயர்தரப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். சமஸ்கிருதம் படிக்க ஆசைப்பட்டும் விடாததால் பாரசீகம் படித்தவர். அவருடைய தகப்பனார் மனையை விற்று அனுப்பவில்லை, விற்க மனையுமில்லை. பரோடா மகாராஜா மாதம் பதினொன்றரைப் பவுன் வீதம் மூன்று வருஷத்திற்கு உபகாரச் சம்பளம் கொடுத்தார். சர்க்கார் பள்ளிக்கூடமும் பொதுப்பணமும் சேர்ந்து ஒரு பிள்ளையைக் கடல் கடத்தின. அந்தப் பிள்ளை திரும்பி வந்து ஒரு நாட்டின் அரசியல் சட்டத்தையே எழுதிற்று.

இன்றைக்கும் ஒடுக்கப்பட்ட வகுப்புப் பிள்ளைகள் மேல்நாடு போய்ப் படிக்க டில்லி சர்க்கார் உபகாரச் சம்பளம் ஒன்று வைத்திருக்கின்றது. தேசம் முழுமைக்கும் வருஷத்திற்கு 125 இடங்கள்! கோடிக்கணக்கான மக்களுக்கு 125 இடங்கள். அதிலும் 2022-இல் ஒரு நிபந்தனை போட்டார்கள். இந்தியப் பண்பாடு, இந்திய சரித்திரம், இந்திய சமூகம் இவைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்ய அந்தப் பணத்தில் போகக் கூடாதாம். அதாவது ஜாதியால் மிதிபட்டவனின் மகன் மேல்நாட்டுக்குப் போகலாம், போய், “எங்களை ஏன் மிதித்தார்கள்?” என்று மாத்திரம் படிக்கக் கூடாது. நம் தோழர்கள் கவனிக்க வேண்டிய கதவு இதுவேயாகும். ரோட்டோரத்துக் கதவு அல்ல.

மேல்நாடும் நித்திய சொர்க்கமல்ல என்பதைச் சமீப கால அனுபவமே காட்டுகின்றது. உக்ரைன் தேசத்தில் இங்கிலீஷிலேயே வைத்தியப் படிப்பு, இங்குள்ள தனியார் காலேஜைவிடச் செலவு குறைவு என்று தரகர்கள் சொன்னதை நம்பி ஆயிரக்கணக்கான பிள்ளைகள் போனார்கள். 2022 பிப்ரவரியில் யுத்தம் வந்தது. ஏறக்குறைய 22,500 இந்தியர்களை விமானத்தில் திருப்பிக் கொண்டுவர நேர்ந்தது. அவர்களில் பெரும்பாலோர் வைத்திய மாணவர்கள். கார்கிவ் நகரில் ஒரு கன்னட நாட்டுப் பிள்ளை, சாப்பாட்டுச் சாமான் வாங்கப் போன இடத்தில் குண்டுக்கு இரையானான். கனடாவோ, பணம் கட்டுகின்ற மாணவர்களை வாருங்கள் வாருங்கள் என்றழைத்துவிட்டு, வீட்டு வாடகை ஏறிவிட்டது என்று சொல்லி 2024 ஜனவரியில் தொகையைக் கட்டுப்படுத்திற்று. சம்பளம் போக, வாழ்க்கைச் செலவுக்குக் கையில் 10,000 டாலர் காட்டினால் போதும் என்றிருந்ததை 20,635 டாலர் என்றாக்கிற்று. அதே மாதத்திலிருந்து இங்கிலாந்தும், பெரும்பாலான மாணவர்கள் குடும்பத்தைக் கூட அழைத்து வரக்கூடாது என்றது. வைகுண்ட ஏகாதசிக்குச் சொர்க்க வாசல் திறப்பதுபோல, அவர்களுக்கு ஆள் வேண்டும்போது கதவு திறக்கும். வேண்டாதபோது சாத்திக்கொள்ளும். பக்கத்திலேயே மறைமலைநகரில் அமெரிக்க போர்டு மோட்டார் கம்பெனி வந்து பல ஆயிரம் பேருக்கு வேலை கொடுத்துவிட்டு, 2021-இல் போகின்றோம் என்று சொல்லி 2022-இல் உற்பத்தியை நிறுத்தினதை நம் பக்கத்தார் கண்ணால் கண்டிருக்கின்றார்கள். பதினான்கு வருஷத்திற்குப் பிறகு எந்தத் தேசத்தின் கதவு எப்படியிருக்கும் என்று ரோட்டோரத்துப் பள்ளிக்கூடக்காரருக்கு யார் சொன்னார்கள்? நாடி ஜோசியக்காரனுக்குச் சொன்னவர்களா?

இவ்வளவும் சொல்லுவதால் நாம் இங்கிலீஷுக்கு விரோதிகள் என்று ஒருவரும் எண்ண வேண்டாம். நாம் ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர்கள். மருந்துச் சீட்டையும், ரயில்வே நோட்டீசையும், லைப்ரரியில் கிழிந்த அகராதியையும் வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டி இங்கிலீஷ் கற்றவர்கள். சர்க்கார் ஆபீசில் ஒரு காகிதத்தைப் படிக்கத் தெரியாமல் குமாஸ்தாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற அவமானம் நமக்கு மறக்கவில்லை. இங்கிலீஷ் ஒரு ஆயுதம். அதை நம் மக்கள் கையில் கொடுக்காமல், தமிழ்த்தாய் கோபித்துக்கொள்வாள் என்று சொல்லிவிட்டு, தன் பிள்ளையை மாத்திரம் கான்வென்ட்டுக்கு அனுப்புகின்றவரின் யோக்கியதை நமக்குத் தெரியும். நம் மேடைகளிலேயே அப்படிப்பட்டவர்கள் உண்டு. வேறென்ன, நாமே நம் மகனை இரண்டு வருஷம் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளிக்கூடத்தில் போட்டுப் பார்த்தவர்கள்தாம். பணம் தீர்ந்தது, பிள்ளையை எடுத்தோம். அப்போது நம்மிடம் கொள்கை பேசியதாக ஞாபகமில்லை. ஆகையால் டைல்ஸ் ஒட்டும் தோழரைப் பரிகசிக்க நமக்கு உரிமை கிடையாது.

நமது ஆட்சேபணை ஒன்றே ஒன்று. குடி தண்ணீரைப்போல் எல்லோருக்கும் பொதுவாக வரவேண்டிய ஒரு வித்தையைக் குப்பியில் அடைத்து, “இன்டர்நேஷனல்” என்று சீட்டு ஒட்டி, பணம் உள்ளவனுக்கு மாத்திரம் விற்பது புது வருணாசிரமமாகும் என்பதே அது. 1953-இல் ராஜாஜி மந்திரி சபை, பிள்ளைகள் பாதி நேரம் பள்ளிக்கூடத்திலும் மீதி நேரம் தகப்பன் தொழிலிலும் இருக்கட்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. நாடு கொதித்தெழுந்தது. 1954-இல் காமராஜர் வந்து அதை எடுத்தார். இன்று ஒருவரும் அப்படிச் சட்டம் போடவில்லை. போட வேண்டிய அவசியமுமில்லை. சம்பள விகிதமே அந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்கின்றது. சிங்கப்பூரைப் பாருங்கள். 1987 முதல் அங்கே தேசியப் பள்ளிக்கூடங்கள் எல்லாவற்றிலும் இங்கிலீஷே போதனா பாஷை. தமிழ்ப் பிள்ளை தமிழைத் தாய்மொழிப் பாடமாகவும் படிக்கின்றது. அங்கே இங்கிலீஷ் வேண்டுமென்று தமிழன் மனையை விற்பதில்லை. பொதுப் பள்ளிக்கூடத்திலேயே அது கிடைக்கின்றது.

இங்கும் அதற்கு வழியில்லாமலில்லை. 2012-13 முதல் சர்க்கார் பள்ளிக்கூடங்களிலேயே இங்கிலீஷ் போதனா வகுப்புகள் பரவலாக ஏற்பட்டிருக்கின்றன. ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை சர்க்கார் பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளைகளுக்கு வைத்தியக் காலேஜில் நூற்றுக்கு ஏழரை இடம் என்று 2020-இல் சட்டம் வந்து, 2021-இல் என்ஜினீயரிங், சட்டம் முதலிய படிப்புகளுக்கும் விரிந்தது. அப்படிப் படித்த பெண்கள் மேற்படிப்புக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் திட்டம் 2022-இல் தொடங்கிற்று. நம் தோழர் மனையை விற்று வாங்கப் போவது இந்த உரிமைகளின் இழப்பையும் சேர்த்தேயாகும். இதை அந்த அச்சுப் புத்தகத்தில் ஒரு வரியாவது எழுதியிருக்கின்றார்களா?

ஆனாலும் உண்மையை மறைக்க நாம் தயாராயில்லை. இங்கிலீஷ் வகுப்பு என்று பெயர் வைத்துவிட்டு, இங்கிலீஷ் சரளமாகப் பேசத் தெரிந்த உபாத்தியாயரைப் போடாமல் இருப்பது பல சர்க்கார் பள்ளிக்கூடங்களில் உள்ள குறையேயாகும். அந்தக் குறையைக் கண்டுதான் தகப்பன்மார்கள் ரோட்டோரத்துக்கு ஓடுகின்றார்கள். ஓடுகின்றவர்களைத் திட்டிப் பிரயோஜனமில்லை. குறையைப் போக்க வேண்டும். அதற்கும் சட்டம் ஒரு கருவி கொடுத்திருக்கின்றது. ஒவ்வொரு சர்க்கார் பள்ளிக்கூடத்திலும் மேலாண்மைக் குழு என்று ஒன்று இருக்க வேண்டும். அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்கள். மொத்தத்தில் பாதி பெண்கள். இங்கிலீஷ் தெரியாது என்று இன்டர்நேஷனல் வாசலில் தலை குனிந்த அந்தத் தாய், இந்தக் குழுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, “என் பெண்ணுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க உபாத்தியாயர் எங்கே?” என்று தமிழிலேயே கேட்கலாம். பதில் சொல்ல வேண்டியவர்கள் பதில் சொல்லியே தீர வேண்டும். ஒருவர் கேட்டால் முணுமுணுப்பு. பத்துப் பேர் கேட்டால் மனு. ஊர் கேட்டால் காரியம்.

அன்று அந்தக் காகிதத்தை நாம் முழுவதும் படித்துச் சொன்னோம். அவர் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்று கேள்வி. போடாமலிருப்பாரா என்பது அவரைப் பொறுத்த விஷயமல்லவென்றே நாம் சொல்லுவோம். நந்திவரத்திலும் கூடுவாஞ்சேரியிலும் உள்ள சர்க்கார் பள்ளிக்கூடத்தில் வருகின்ற ஜூன் மாதம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க ஒரு ஆள் நிற்பாரா என்பதைப் பொறுத்த விஷயமாகும். அது நம் எல்லோரையும் பொறுத்தது.

ஆகவே ஆங்காங்குள்ள தோழர்கள், திருவிழாவுக்கு வசூல் செய்கின்றவர்கள் காட்டுகின்ற ஊக்கத்தில் கால் பங்காவது காட்டி, தத்தம் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் மேலாண்மைக் குழு யார், எப்போது கூடுகின்றது, எத்தனை உபாத்தியாயர் இடம் காலியாக இருக்கின்றது என்று இந்த வாரமே போய் விசாரிக்கவேண்டுமென்றும், 25 பங்குச் சட்டத்தைத் துண்டுப் பிரசுரமாக அச்சிட்டு ஒவ்வொரு “இன்டர்நேஷனல்” வாசலிலும் சேர்க்கைக் காலத்தில் பெற்றோர் கையில் கொடுக்கவேண்டுமென்றும், பெற்றோரைப் பரீட்சை செய்கின்ற இடம் எதுவானாலும் கல்வி அதிகாரிக்கு எழுத்து மூலம் புகார் செய்யவேண்டுமென்றும் கேட்டுக்கொள்ளுகின்றோம். மேலோகத்தைக் காட்டிப் பறித்தவர்களுக்கு நம் முன்னோர் கொடுத்தது போதும். மேல்நாட்டைக் காட்டிப் பறிப்பவர்களுக்கு நாமும் கொடுக்க வேண்டியதில்லை.